அத்தியாயம் 6: கண்மாய்ச் சேற்றில் ஒரு ஜீப்

நாங்கள் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் அரிவாளை ஓங்கிவிட்டார்கள்.

ஆவாரவயல் கண்மாய்க் கரையில் ஒற்றைப் பனைமரம். அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவனைக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அடித்த அடியில் இடது கண் மூடிப்போய், உதடு கிழிந்து, சட்டையின் முன்பக்கம் முழுக்க இரத்தம். அவனுக்கு எதிரே அரிவாளோடு ஒரு வாலிபன். சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு அப்படியே ஓடி வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க நம் ஜனங்களில் ஆளுக்குக் குறைவே கிடையாது. தடுக்கத்தான் பஞ்சம்.

என் முதலாளி ஆத்மநாதன் ஓடவில்லை. அவர் எதற்கும் ஓட மாட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அரிவாளுக்கும் அந்த மனிதனின் கழுத்துக்கும் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"பாத்து தம்பி. வாடகைச் சைக்கிளு" என்றார்.

அந்த வாலிபன் ஒரு கணம் திகைத்தான். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கணம்தான். நான் புகுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் உதறிய உதறலில் நான் நாலடி தள்ளிப் போய் விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருப்பவர் ஆத்மநாதன். அதற்கு முன் பட்டாளத்தில் மோட்டார் பிரிவு ஹவில்தார். யுத்தத்தின்போது மூன்று வருஷம் பர்மா எல்லைச் சேற்றிலிருந்து லாரிகளை இழுத்துப் போட்டவர். நான் மரியசெல்வம், அவருடைய உதவியாளன். என்ன உதவி செய்கிறேன் என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

"யாரு நீங்க? வழிய விடுங்க. எங்க அண்ணனைக் கொன்னவன் இவன்" என்றான் அரிவாள்காரன்.

"ஒங்க அண்ணன் பேரு?"

"பிச்சைமுத்து."

நாங்கள் பார்க்க வந்ததே அந்தப் பிச்சைமுத்துவைத்தான்.

பத்து நாளைக்கு முன் கீரனூர் ரோட்டில் செல்லமுத்து என்ற தபால்காரர் மேல் ஒரு ஜீப் ஏறி, நிற்காமல் போய்விட்டது. அவர் மனைவி செங்கமலம் ரோட்டில் பொறுக்கிய விளக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு எங்களிடம் வந்தாள். அந்த ஜீப்பைத் தேடி நாங்கள் அலையாத இடமில்லை. அப்போதுதான் ஆவாரவயல் பிச்சைமுத்துவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஜீப்பையும் ஓட்டியவரையும் பார்த்தேன், நேரில் வந்தால் சொல்கிறேன்' என்று நாலே வரி. வியாழக்கிழமை வருகிறோம் என்று நான்தான் பதில் போட்டேன். இன்றைக்கு வியாழக்கிழமை.

பிச்சைமுத்து சொல்லக்கூடிய நிலையில் இல்லை. கரையடியில் ஒரு வேட்டியைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஆத்மநாதன் வேட்டியை விலக்கினார். பின்மண்டை உள்ளே போயிருந்தது. ஈ மொய்த்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்படித் திருப்பியபோதுதான் கண்மாய்க்குள் அதைப் பார்த்தேன். கோடையில் வற்றி, நடுவில் மட்டும் கொழகொழவென்று சேறாகக் கிடந்த கண்மாய். அந்தச் சேற்றில் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்து ஒரு ஜீப் நின்றது. மூக்கு கரையைப் பார்த்து இருந்தது. அதற்கு நேர் எதிரே, கரையடியின் கெட்டித் தரையில், விறகு ஏற்றிய ஒரு லாரி.

"யார் ஜீப்புங்க அது?" என்றார் ஆத்மநாதன்.

"என்னோடதுங்க." கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். முழங்கால் வரை சேறு, முகத்தில் சேறு, தோளில் கிடந்த துண்டிலும் சேறு. "மலையாண்டி. கண்மாய் மராமத்து காண்ட்ராக்டரு. மடைய பாக்கலாம்னு காலையில உள்ள எறங்குனேன், மாட்டிக்கிச்சு. இந்த இன்னாசி லாரி கரை வழியா வந்துச்சு. ஒரு கை இழுத்து விடப்பான்னு சொல்லி எஞ் சங்கிலியை மாட்டுனேன். பொறுமையா இழுன்னா கேக்கல. வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்தான். சங்கிலி அறுந்து பிச்சைமுத்து மண்டையில அடிச்சிருச்சு."

"பிச்சைமுத்து எதுக்கு வந்தாரு?"

அதற்கு அரிவாளோடு நின்ற தம்பி நல்லதம்பிதான் பதில் சொன்னான். "சக்கரம் பொதைஞ்சா எங்களைத்தான் கூப்புடுவாக. எங்க வகையறா தேர்க்கட்டை வகையறா. திருவிழாவுல தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுறது எங்க அண்ணன்தான். வேற ஆளு அந்தக் கட்டையத் தொடக்கூடாது. தொட்டா கை வெளங்காது."

"வண்டிக்குப் போடுற பழைய கட்டையா இருந்தாலுமா?" என்றார் ஆத்மநாதன்.

"பழசென்ன, புதுசென்ன. சாமி கட்டைங்க."

"ஆனா இன்னைக்கிக் கட்டை கொண்டாரலைங்க" என்றார் மலையாண்டி அவசரமாக. "மறந்துட்டாரு. சும்மா முன்னாடி நின்னு சங்கிலியத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் ஜீப்புக்குள்ள இருந்தேன். கண்ணு முன்னாடி விழுந்தாருங்க." அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். சேறுதான் கண்ணில் அப்பியது.

மரத்தில் கட்டியிருந்த இன்னாசி வாயைத் திறந்தான். "நான் வெடுக்குனு இழுக்கலய்யா. விறகு லோடு பின்னாடி மறைக்குது, எனக்கு ஒண்ணும் தெரியல. சத்தம் கேட்டுச்சு. வண்டி ஓடிறக் கூடாதேன்னு எறங்கி டயருக்குக் கல்லு வச்சிட்டுத்தான் சுத்தி வந்தேன். அதுக்குள்ள அவரு கெடந்தாரு."

நல்லதம்பி அவன் வாயிலேயே ஒன்று விட்டான். ஒரு பல் மண்ணில் விழுந்தது.

"போலீஸுக்கு ஆள் போயிருக்கா?" என்றார் ஆத்மநாதன்.

"கந்தர்வக்கோட்டைக்குப் போயிருக்கு" என்றார் மலையாண்டி. "வர்ற வரைக்கும் பயலுவ பொறுக்கணும்ல. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

சொல்லிப் பார்த்த லட்சணம்தான் பல்லாக மண்ணில் கிடந்ததே. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"தம்பி" என்றார் ஆத்மநாதன் நல்லதம்பியிடம். "பர்மாவுல சங்கிலி அறுந்து எங்க ஆளுங்க ஏழு பேரு செத்தாங்க. அதனால இந்தச் சாவைப் படிக்க எனக்குத் தெரியும். அந்த ஜீப்பை நான் வெளிய எடுக்குறேன். எடுத்தா, ஒங்க அண்ணன் எப்படிச் செத்தாருன்னு ஒங்க கண்ணாலயே பாப்பீங்க."

"பாத்துட்டு?"

"இவன்தான்னு அப்பவும் தோணுச்சுன்னா, என் சைக்கிளை எடுத்துக்கிட்டு நான் போயிடுறேன்."

நல்லதம்பி அரிவாளின் நுனியால் இன்னாசியின் தாடையை நிமிர்த்தினான். "ஜீப்பு தரை ஏறுற வரைக்கும்தாண்டா ஒன் உசுரு."

ஆத்மநாதன் செருப்பைக் கழற்றினார். வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"அண்ணே" என்றேன் காதோடு, "ஜீப்பை எடுக்கலைன்னா அவன் பிழைப்பான் போலிருக்கே. சேத்துலயே கெடக்கட்டுமே."

"போலீஸ் வரதுக்குள்ள கூட்டம் பொறுமை இழந்துரும். வேலை கொடுத்தாத்தான் கை சும்மா இருக்கும். முதல்ல லாரியைப் பாரு."

லாரியின் பின்கட்டைப் பார்த்தேன். இருபதடிச் சங்கிலி முழுக்க அங்கேதான் தொங்கியது. விறகுக்கட்டைகளுக்கு நடுவே ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, பின்பலகையை ஓர் இடத்தில் சில்லுச் சில்லாக உடைத்திருந்தது. ஜீப்பின் பம்பரில் கொக்கியும் ஒன்றரை வளையமும் மட்டும் மிச்சம்.

"சங்கிலி எங்கிட்டுப் பாஞ்சிருக்கு?" என்றார்.

"லாரிப் பக்கம்."

"செத்தவரு எங்க கெடந்தாரு?"

"ஜீப்புக்கு முன்னாடி. காண்ட்ராக்டரே சொன்னாரு." நான் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தேன். "அண்ணே, இவ்வளவு பெரிய சங்கிலி லாரியை அடிக்கிற சமயத்துல இவரை எது அடிச்சுது?"

"மெதுவாப் பேசு. சங்கிலி நுனியில மிச்சமிருக்குற அரை வளையத்தைத் தடவிப் பாரு."

தடவினேன். பாதி வழவழவென்று அரம் போட்டு ராவியிருந்தது. மீதிப் பாதிதான் பிய்ந்தது.

ஜீப்பிடம் போனோம். முழங்கால் வரை வாங்கியது சேறு. முன்சக்கரம் இரண்டும் சேற்றின் மேலேயே சாதுவாக நின்றன. பின்சக்கரம் மட்டும் கிணறு தோண்டியிருந்தது. இடது பக்க விளக்கு மட்டும் புத்தம் புதுசு. மற்றது கிழடு தட்டி மஞ்சளாகிப் போயிருந்தது. செங்கமலத்தின் முந்தானையில் இருந்த கண்ணாடித் துண்டு என் ஞாபகத்துக்கு வந்தது. நான் வாயைத் திறக்கும் முன் ஆத்மநாதன் என் காலை மிதித்தார்.

"காண்ட்ராக்டரே, ஜீப்பு வாங்கி எத்தனை வருஷம்?" என்று கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"எட்டு வருஷங்க. யுத்த ஜீப்பு. திருச்சி ஏலத்துல எடுத்தது."

"நல்ல வண்டி" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நாலு சக்கரமும் ஓடுறதுக்கு ஒரு லீவர் இருக்கு. அதைப் போடவே இல்லை. எட்டு வருஷம் ஓட்டுனவன் சேத்துல எறங்குறப்ப அதை மறப்பானா?"

"தாலி கட்டுறப்ப பொண்ணை மறக்குற மாதிரி."

"சீட்டுக்கு அடியில பாரு."

குனிந்து பார்த்தேன். ஜீப்பில் சேறு படாத இடமில்லை. ஸ்டியரிங்கில் சேறு, சீட்டில் சேறு, கியரில் சேறு. எஞ்சினை முடுக்கும் இரும்பு ஹேண்டில் மட்டும் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று கிடந்தது. அந்த மனிதன் தன் முகத்தைக் கழுவவில்லை. ஹேண்டிலைக் கழுவியிருக்கிறான்.

"பிடிச்சிரலாம்ணே" என்றேன்.

"எதை வச்சு? ஹேண்டிலைக் கழுவுறது குத்தமில்லை. சங்கிலிய ராவுனது இன்னாசின்னு சொல்லிருவான். இந்தக் கூட்டம் மலையாண்டி ஊரு. நம்ம சொல்லு அம்பலம் ஏறாது. அவன் வாயாலயே வரணும்."

கரைக்கு வந்து ஆத்மநாதன் வேலை ஏவினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கால் மணி முன்னால் ஒருவனை வெட்டக் காத்திருந்த முப்பது பேரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னால் சேற்றைச் சரிவாக வெட்டி எடுத்தார்கள். முந்திரிக் கிளையும் பனைமட்டையும் வெட்டி வந்து டயருக்குக் கீழே திணித்தார்கள். டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிடச் சொன்னார். டயர் பரந்து உட்கார்ந்தால் புதையாது என்றார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை வடம் ஒன்று வந்தது. அதை இரண்டாக மடித்து, ஒரு முனையை லாரியிலும் மறுமுனையை ஜீப்பின் அடிச்சட்டத்திலும் தன் கையாலேயே கட்டினார்.

"பம்பர்லதான கட்டுவாக?" என்றாள் முந்திரிக் கூடையோடு நின்ற செவந்தி.

"பம்பரு பிடுங்கிக்கிட்டு வந்தா அதுவே வெட்டரிவா, ஆத்தா."

பிறகு ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி வடத்தின் நடுவில் போர்த்தினார்.

"வடத்துக்குக் குளிருதோ?" என்றேன்.

"வடம் அறுந்தா சாக்குதான் அதை மண்ணுல அமுக்கும். நீ பேசுறதுக்கும் இப்படி ஒண்ணு நனைச்சு வச்சிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. பிணம் கிடக்கிற இடத்தில் சிரித்துவிட்டோமே என்று உடனே அடங்கியது.

"எல்லாரும் கேளுங்க. வடம் காலால அளந்தா பன்னெண்டு எட்டு நீளம். யாரா இருந்தாலும் இருவது எட்டு தள்ளி நில்லுங்க. வடத்தைத் தாண்டக் கூடாது. கை காட்டுறது நான் ஒருத்தன்தான். வேற யாரு கத்துனாலும் கேக்காதீங்க. ஜீப்பைக் காண்ட்ராக்டர் ஓட்டட்டும். லாரியை இன்னாசி ஓட்டட்டும்."

"இவனா?" என்றான் நல்லதம்பி.

"அவன் வெடுக்குனு இழுக்குறவனான்னு ஒங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

நல்லதம்பி இன்னாசியின் கட்டை அறுத்தான். மயிரைப் பிடித்து இழுத்துப் போய் லாரிக்குள் தள்ளினான். தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அரிவாளை அவன் கழுத்தில் வைத்தான். படிக்கட்டில் தொற்றிக்கொள்ளும்படி ஆத்மநாதன் எனக்கு ஜாடை காட்டினார். அப்படிப்பட்ட நல்ல இடமெல்லாம் எனக்குத்தான் கிடைக்கும்.

இன்னாசி என் கழுத்தில் தொங்கிய மாதா சுரூபத்தைப் பார்த்தான். "நீங்க வேதக்காரரா?"

"ஆமா."

"ஒரு அருள் நிறைஞ்ச மரியே சொல்லுங்க. எனக்குப் பாதிதான் ஞாபகம் வருது."

நான் ஆரம்பித்தேன். எனக்கும் பாதிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் அதே பாதி. அந்தப் பாதியையே திரும்பத் திரும்பச் சொன்னோம். அரிவாள் விளிம்பில் அவன் கழுத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆத்மநாதன் கையை உயர்த்தினார். "லீவரைப் போடுங்க காண்ட்ராக்டரே."

மலையாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணால் பார்க்காமலே, கையை நீட்டி லீவரைத் தள்ளினார். நாலு சக்கரமும் ஒன்றாக முனகின. லீவர் இருப்பது அவருக்குத் தெரியும் என்று முப்பது பேர் பார்த்தார்கள். அதன் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

கை மெதுவாகக் கீழே இறங்கியது. இன்னாசி முதல் கியரில் லாரியை ஊரவிட்டான். வெடுக் இல்லை, குலுக்கல் இல்லை. தொய்ந்து கிடந்த வடம் மண்ணிலிருந்து எழுந்து, சாக்கைச் சுமந்துகொண்டு, முறுகி இறுகியது. நல்லதம்பியின் கை, லாரியின் அதிர்வில், கழுத்திலேயே நடுங்கியது. ஒரு குழி வந்தால் போதும், கதை முடிந்தது. பனைமட்டைகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையில் சிக்கிய களி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். ஜீப் மேலே வந்தது. கெட்டித் தரையில் அதன் நாலு சக்கரமும் உருண்டதும் ஆத்மநாதன் கையை மடக்கினார். லாரி நின்றது.

"ஜீப்பு தரை ஏறிருச்சு" என்றான் நல்லதம்பி. அவன் கை இறுகுவதைப் பார்த்தேன். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

"தம்பி, எட்டிப் பாருங்க" என்று கூப்பிட்டார் ஆத்மநாதன். அவர் பக்கவாட்டில், சொன்ன கணக்குப்படி இருபது எட்டு தள்ளியே நின்றார். "செல்வம், பின்சக்கரம் இருந்த குழிக்குப் போ. அதுக்குப் பின்னால கையை விட்டுத் துழாவு."

ஓடினேன். குழி முழுக்கக் கூழ் மாதிரி சேறு. முழங்கை வரை கையை விட்டேன். அடியில் வழவழப்பாக ஏதோ விரலில் தட்டியது.

"என்னமோ இருக்குண்ணே."

"வெளிய இழு."

"தொடாதீங்க. கட்டையத் தொடாதீங்க, கையை எடுங்க." ஜீப்புக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தியவர் மலையாண்டி.

கண்மாயில் ஒரு கொக்குகூட அசையவில்லை. நான் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். என் விரலுக்குத் தட்டியது என்னவென்று எனக்கே இன்னும் தெரியாது.

"எந்தக் கட்டை காண்ட்ராக்டரே?" என்றார் ஆத்மநாதன். "இன்னைக்கிக் கட்டையே கொண்டாரலைன்னீங்களே."

மலையாண்டி ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நல்லதம்பி லாரியிலிருந்து குதித்து வந்தான். என்னை ஒதுக்கிவிட்டு இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டான். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய கருவேலங்கட்டை வந்தது. அவன் அண்ணனுடைய கட்டை. சரிவில் டயரின் தடம் ஆழமாகக் கடித்திருந்தது.

"தம்பி, சங்கிலி அறுந்ததும் ஜீப்பு பின்னால நழுவும்" என்றார் ஆத்மநாதன். "நழுவி இந்தக் கட்டையில ஏறி நின்னிருக்கு. அப்ப சங்கிலி அறுந்த நேரத்துல கட்டை சக்கரத்துக்குப் பின்னால இருந்திருக்கு. அதைப் போட்ட ஒங்க அண்ணனும் அங்கதான் குனிஞ்சிருக்காரு. முன்னாடி இல்லை. அறுந்த சங்கிலி லாரியில போயி சுத்திக்கிச்சு. அது ஜீப்பைத் தாண்டி வளைஞ்சு வந்து பின்மண்டையில அடிக்காது. அடிச்சது, கழுவித் தொடச்சு சீட்டுக்கடியில வச்சிருக்குற ஹேண்டில். இன்னாசி டயருக்குக் கல்லு வச்ச நேரத்துக்குள்ள ஒடம்பை முன்னால இழுத்துப் போட்டாச்சு. கட்டையையும் எடுத்து எறிஞ்சிருந்தா நாங்க எல்லாரும் ஏமாந்திருப்போம். ஆளைக் கொல்றதுக்குக் கூசாத கை, கட்டையத் தொடக் கூசிருச்சு."

"எதுக்கு" என்றான் நல்லதம்பி. "எங்க அண்ணன் அவருக்கு என்ன செஞ்சுச்சு?"

"தபால்காரரை அடிச்ச ஜீப்பை அவரு பாத்துட்டாரு. எங்களுக்கு எழுதியும் போட்டாரு. அதுக்குத்தான் சங்கிலிய ராவி வச்சு, வேணும்னே ஜீப்பைச் சேத்துல எறக்கி, அவரைக் கூப்புட்டிருக்காரு காண்ட்ராக்டரு. ஆத்தா, இந்த ஊருக்குத் தபால் எங்க வரும்?"

"காண்ட்ராக்டரு வீட்டு முன்னறைதான் போஸ்டாபீஸு" என்றாள் செவந்தி. "அவுகதான் பையைப் பிரிப்பாக."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிச்சைமுத்து புத்திசாலி. வெளியூரில் போய், உறையிட்டு ஒட்டிப் போட்டிருந்தார். பதில் எழுதின மகாபுத்திசாலி நான், கவர் கைக்கு எட்டவில்லை என்று ஒரு தபால் கார்டில் எழுதினேன். 'ஜீப் விஷயமாக வியாழன் காலை வருகிறோம்' என்று, எவரும் படிக்கிற மாதிரி, குண்டு குண்டாக. அந்த மனிதரைக் கொன்றதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நான் தமாஷாகச் சொல்லவில்லை.

யோசிக்க அவகாசம் இல்லை. ஜீப் உறுமியது. மலையாண்டி ஸ்டியரிங்கை ஒடித்து, நாலு சக்கரமும் மண்ணை வாரியிறைக்க, ஆத்மநாதன் மேல் நேராக விட்டார். கூட்டம் அலறிச் சிதறியது. "அண்ணே" என்று கத்தினேன். அந்த மனுஷன் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வடத்தை யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை.

பன்னிரண்டாவது எட்டில் வடம் சுண்டி இறுகியது. ஜீப்பின் மூக்கைப் பிடித்து யாரோ திருகியது போலிருந்தது. வண்டி பக்கவாட்டில் எகிறி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, புது விளக்கு நொறுங்கக் கவிழ்ந்தது. மலையாண்டி வெளியே வந்து விழுந்தார். நெற்றி பிளந்து முகமெல்லாம் இரத்தம். ஆனாலும் எழுந்தார். கையில் அந்த ஹேண்டில்.

முதலில் எதிர்ப்பட்டவன் நான். தலைக்கு வந்தது தோளோடு போயிற்று என்று சொல்லலாம். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தேன். இரண்டாவது முறை அவர் ஓங்கியபோது அந்த இரும்புக்குப் பின்னால் சூரியன் தெரிந்தது. பிச்சைமுத்துவுக்கு அதுகூடத் தெரிந்திருக்காது.

நல்லதம்பி அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் மணிக்கட்டில் போட்டான். எலும்பு நொறுங்கி, கை பின்பக்கமாகத் தொங்கியது. ஹேண்டில் மண்ணில் விழுந்தது. மலையாண்டி மண்டியிட்டார். நல்லதம்பி அரிவாளை மறுபடி திருப்பினான். இந்த முறை விளிம்பு கழுத்தைப் பார்த்து இருந்தது.

"வெட்டுனா" என்றார் ஆத்மநாதன், பக்கத்தில் வந்து நின்று, "பனைமரத்துக்கிட்ட காலையில செய்ய இருந்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லை. செங்கமலம்னு ஒரு பொம்பளை கீரனூர்ல காத்துக்கிட்டிருக்கா. அவ புருசனை யாரு அடிச்சாங்கன்னு கோர்ட்டுல இவன் வாயாலயே கேக்கணும்."

நல்லதம்பி அரிவாளை இறக்கினான். பிறகு மலையாண்டியின் நெஞ்சில் ஓர் உதை விட்டான். அவர் சேற்றில் மல்லாந்தார். ஊர்க்காரர்கள் இன்னாசியைக் கட்டியிருந்த அதே கயிற்றால் அவரைக் கட்டினார்கள்.

"தொடாமலே கை வெளங்காமப் போச்சு பாத்தியா" என்றேன் செவந்தியிடம். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

போலீஸ் வந்து, எழுத வேண்டியதை எழுதி, உடம்பைக் கந்தர்வக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னது. ஊரில் ஓடுகிற வண்டி லாரி ஒன்றுதான். விறகை இறக்கிவிட்டு, பிச்சைமுத்துவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். இன்னாசி லாரிக்கு முன்னால் நின்று, வீங்கிய கண்ணைத் தண்ணீரால் ஒற்றிக்கொண்டிருந்தான். அவன் ஓட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவன் போயிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

நல்லதம்பி அவன் எதிரே போய் நின்றான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. "எங்க அண்ணனை" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

இன்னாசி உடைந்த பல் இடுக்கிலிருந்து இரத்தத்தைத் துப்பினான்.

"ஒங்க அண்ணனுக்காக ஓட்டுறேன். மெதுவாவே ஓட்டுறேன். ஆனா நீ எம் பக்கத்துல ஒக்காராத."

நல்லதம்பி தலையாட்டினான். அரிவாளைக் கரையிலேயே போட்டுவிட்டுப் பின்னால் ஏறி, அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கந்தர்வக்கோட்டை வரை இன்னாசி ஒரு குழியில்கூட சக்கரத்தை விடவில்லை.